லேப்டாப் ஆடுது, டச்பேட் அமுங்கல, கை வைக்கிற இடம் கொதிக்குது: பேட்டரி உப்பியிருக்கா?

சத்துவாச்சாரி டீச்சர் | மே 11, இரவு 9:20

வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜூனில் வாங்கிய 15.6 இன்ச் லேப்டாப். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்பு முழுக்க இதில்தான் எடுத்தேன். கரண்ட் போனாலும் வகுப்பு நிற்கக்கூடாது என்று டைனிங் டேபிளிலேயே சார்ஜரோடு வைத்துப் பழகிவிட்டது. இன்று வரைக்கும் அப்படித்தான், எப்போதும் 100%.

என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. கத்திரி ஆரம்பித்ததிலிருந்து ராத்திரி 8 மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுகிறது. வேலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ரெண்டு வாரமாக, சார்ஜ் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கீபோர்டுக்குக் கீழே இடது கை வைக்கும் இடம் கொதிக்கிறது. டச்பேடின் இடது பக்கத்தை அமுக்கினால் 'டிக்' சத்தம் வருவதில்லை, கல் மாதிரி இருக்கிறது. இன்று இன்னொன்றும் கவனித்தேன். மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது. முன்பக்க மூலையில் ரப்பர் கால் மேஜையைத் தொடவே இல்லை. ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை அந்த இடைவெளியில் தள்ளிப் பார்த்தேன், எங்கும் தட்டாமல் உள்ளே போய்விட்டது.

ஒரு கடையில் காட்டினேன். அவர் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அமுக்கிப் பார்த்துவிட்டு, "வெயிலுக்கு பிளாஸ்டிக் வளைஞ்சிருக்கு மேடம், கூலிங் பேட் போட்டா சரியாயிடும்" என்றார். வாங்கி வந்து ஒரு வாரம் ஆகிறது, சூடு குறையவில்லை. இது பேட்டரியா? பேட்டரி என்றால் நானே மாற்றலாமா? ஆறு வருஷக் கேள்வித்தாள் எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

காட்பாடி சர்வீஸ் | மே 11, இரவு 9:31

டீச்சர், மத்ததெல்லாம் அப்புறம். இப்பவே சார்ஜரைப் பிடுங்குங்க. ஷட் டவுன் பண்ணுங்க. ஸ்லீப் வேணாம், வெறுமனே மூடி வெக்கறதும் போதாது. இனிமே யாரும் அடியில அமுக்கக்கூடாது. மெத்தை, சோபா, ஸ்க்ரீன் துணி, பேப்பர் கட்டு எதுவும் பக்கத்துல இல்லாத டைல்ஸ் தரையில காத்தோட்டமா வைங்க. நீங்க தூங்கற ரூம்ல வேணாம், வெளிய போற வாசல் பக்கத்துலயும் வேணாம். செஞ்சுட்டு ஒரு வார்த்தை போடுங்க, மீதிய எழுதறேன்.

சத்துவாச்சாரி டீச்சர் | மே 11, இரவு 9:44

செய்துவிட்டேன். கூரை போட்ட பால்கனியில், தரையில் வைத்திருக்கிறேன். துணிக்கொடியையும் அவிழ்த்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

காட்பாடி சர்வீஸ் | மே 11, இரவு 10:02

பயப்படாதீங்க, நேரத்தோட கேட்டுட்டீங்க. உங்க ஃபைல் எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல கீது, பேட்டரிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பேட்டரிய எடுத்துட்டாக்கூட பெரும்பாலான லேப்டாப் சார்ஜர்ல மட்டுமே ஓடும்.

நீங்க சொன்ன மூணு அடையாளமும் உப்பின பேட்டரிக்கு அப்படியே பொருந்துது. பேட்டரி உக்காந்திருக்கறது கீபோர்டுக்குக் கீழ, கை வெக்கற பக்கம். அது உப்பினா மேல டச்பேடைத் தள்ளும், கீழ அடிமூடியத் தள்ளும். அதான் டிக் சத்தம் நிக்குது, மேஜையில ஆடுது. சில பேருக்கு மூடி சரியா மூடாது. பிராசசர் சூடு வேற. அது கீபோர்டுக்கு மேல்பக்கமும் ஃபேன் காத்து வெளிய வர்ற இடத்துலயும்தான் தெரியும். சார்ஜ் ஏறும்போது மட்டும் கை வெக்கற இடம் கொதிச்சா முதல் சந்தேகம் பேட்டரி மேலதான்.

அமுக்கிப் பாத்தாரே, அதுதான் எனக்கு மனசு அடிச்சுக்குது. உப்பின செல்லை விரலால அமுக்கறது இந்தத் தொழில்ல யாரும் செய்யக்கூடாத வேலை.

ஹாஸ்டல் பையன் | மே 11, இரவு 10:20

அண்ணா, என்னோடதும் கொதிக்குது. ஆனா மேல்பக்கம், ஃபேன் சத்தமும் ஜாஸ்தி. கட்டில்ல மெத்தை மேல வெச்சுதான் யூஸ் பண்றேன். டச்பேட் நல்லா அமுங்குது.

காட்பாடி சர்வீஸ் | மே 11, இரவு 10:26

தம்பி, உனக்கு தூசி. அடியில காத்து இழுக்கற ஓட்டைய மெத்தை அடைக்குது. ஃபேனைக் கழட்டி சுத்தம் பண்ணி, பிராசசர் மேல தடவியிருக்கற, காஞ்சுபோன பேஸ்ட்டை மாத்துனா சரியாயிடும். ஆனா அந்தச் சூடு பேட்டரிக்கும் பரவும், தள்ளிப்போடாத. மெத்தை மேல வெச்சு சார்ஜ் போட்டுட்டுத் தூங்கறத இன்னிக்கே நிறுத்து.

வாலாஜா கெமிஸ்ட்ரி | மே 12, காலை 6:15

கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். இது ஏன் உப்புகிறது என்று தெரிந்தால் எதைச் செய்யக்கூடாது என்பது தானாகப் புரியும், அதனால் எழுதுகிறேன்.

இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் இருப்பது பை வடிவ லித்தியம் செல். பழைய லேப்டாப்களில் 18650 என்ற உருளை செல் இருந்தது, 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், இரும்புக் கூடு. உள்ளே வாயு சேர்ந்தால் அதை வெளியேற்ற அதில் ஒரு வழி உண்டு. பை செல்லுக்கு அந்தக் கூடு கிடையாது. அலுமினியப் படலத்தை ஒட்டி செய்த பைதான், காபித்தூள் பாக்கெட் மாதிரி. அதற்குள் செப்புத் தகட்டில் பூசிய கிராஃபைட், அலுமினியத் தகட்டில் பூசிய உலோக ஆக்சைடு, இரண்டுக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. இவற்றை மாறிமாறிச் சுருட்டியோ அடுக்கியோ வைத்து, தீப்பற்றக்கூடிய ஒரு கரிமத் திரவத்தில் ஊறவிட்டிருப்பார்கள்.

அந்தத் திரவம் மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டேதான் இருக்கும். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிற்கும், புதிய வகைகள் 4.35, 4.4 வரைக்கும் போகும். அந்த நிலையில் திரவம் சிதைவது அதிகம், சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் போன்ற வாயுக்கள் உண்டாகின்றன. போக வழியில்லாமல் பை பூரி மாதிரி உப்புகிறது.

டீச்சர், எப்போதும் 100%, அதுவும் மொட்டை மாடிக்குக் கீழே வேலூர் வெயிலில். இந்த இரண்டும்தான் காரணம். பேட்டரி உலகில் பரவலாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. 40 டிகிரி சூட்டில் ஒரு வருஷம் முழு சார்ஜோடு கிடந்தால் கொள்ளளவில் சுமார் 65 சதவீதம்தான் மிஞ்சும், அதே சூட்டில் 40 சதவீத சார்ஜோடு கிடந்தால் சுமார் 85. மே மாதத்தில் நமக்கு வெளியே நிழலிலேயே 40 தாண்டுகிறது. உங்கள் செல் எத்தனை கோடை பார்த்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

உப்பிய பையை அமுக்கினால் உள்ளே மடிப்பு விழும், அந்த மெல்லிய சவ்வு கிழியலாம். கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகி அந்த இடம் சூடேறும். 130 டிகிரி வாக்கில் பாலிஎதிலீன் சவ்வு உருகும், அதற்குப் பிறகு சூடே சூட்டை வளர்க்கும், நிறுத்த முடியாது. குத்தக்கூடாது, வளைக்கக்கூடாது என்று சொல்வதெல்லாம் இதனால்தான்.

குடியாத்தம் தறி | மே 12, காலை 7:40

எங்க ஊர்ல ஒருத்தர் செல்போன் பேட்டரி உப்பினதுக்கு ஊசியால ஒரு ஓட்டை போட்டு காத்தை எடுத்துட்டு டேப் ஒட்டிட்டாரு, ஓடுச்சு. இன்னொருத்தர் ஃப்ரிட்ஜ்ல வெச்சா இறங்கிடும்னாரு. தூக்கிப் போடறதா இருந்தா உப்புத் தண்ணியில ஒரு நாள் ஊறப்போட்டா சார்ஜ் எல்லாம் இறங்கிடும்னும் கேள்விப்பட்டேன். இதெல்லாம் சரியாங்க?

வாலாஜா கெமிஸ்ட்ரி | மே 12, காலை 8:05

கேட்டது நல்லதாயிற்று, நிறைய பேர் இதை நம்புகிறார்கள். மூன்றுமே கூடாது.

ஊசி: வெளியே வரும் வாயு தீப்பற்றும், நுரையீரலுக்கும் கேடு. ஊசி முனை இரண்டு தகட்டைத் தொட்டுவிட்டால் அந்த நொடியே ஷார்ட். அவருக்கு ஓடியது அதிர்ஷ்டம். அந்தத் திரவத்தில் கரைந்திருக்கும் லித்தியம் உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். கண்ணுக்கும் மூச்சுக்கும் மிக ஆபத்தானது.

ஃப்ரிட்ஜ்: உண்டான வாயு திரும்பத் திரவமாகாது. வெளியே எடுக்கும்போது ஈரம் கோர்த்து சர்க்யூட் கெடும். சாப்பாடு இருக்கும் இடம் வேறு.

உப்புத் தண்ணீர்: முனைகள் முதலில் துருப்பிடித்து அறுந்துவிடும், செல்லுக்குள் சார்ஜ் அப்படியே நிற்கும். இறங்கிவிட்டது என்று நம்பிக் கையில் எடுப்போம். மின்னாற்பகுப்பில் ஹைட்ரஜனும் குளோரினும் வெளிவரும்.

ஆம்பூர்க்காரன் | மே 12, காலை 10:30

டீச்சர், தானே மாத்தலாமான்னு கேட்டிருந்தீங்க. எனக்கு நடந்ததை எழுதறேன்.

ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பொறுப்பு பாத்துட்டிருந்தேன். ஒரு லேப்டாப் பேட்டரி லேசா உப்பியிருந்துச்சு, ரெட்டைப் பக்க டேப்பால அடியில ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் கார்டு வளையுதுன்னு பக்கத்துல இருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து நெம்பினேன். செல்லோட ஓரம் மடங்குச்சு. ஒரு சின்ன 'புஸ்' சத்தம். நெய்ல் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாசனை. ஸ்கேலை எடுக்கறதுக்குள்ள வெள்ளைப் புகை. அஞ்சாறு செகண்டுல பக்கத்து செல்லும் பிடிச்சு தீ நாக்கு ஒரு முழத்துக்கு வந்துச்சு. எல்லாரையும் வெளிய ஓடச் சொல்லிட்டு மெயின் ஸ்விட்சை அணைச்சேன். தோல் சாம்பிள் அட்டைப்பெட்டி எல்லாம் பக்கத்துலதான் இருந்தது. செக்யூரிட்டி அண்ணன் வாசல்ல இருந்து தண்ணி பைப்பைப் பிடிச்சு அடிச்சதுனால அந்த மேஜையோட போச்சு. என் புறங்கையில தழும்பு இன்னும் இருக்கு.

நான் கத்துக்கிட்டது: உலோகம் எதுவும் பேட்டரிக்கு அடியில போகக்கூடாது. அவசரம் கூடாது. வேலை செய்யற மேஜை வாசலுக்குப் பக்கத்துல இருக்கணும், சுத்தி எரியற பொருள் இருக்கக்கூடாது.

குடியாத்தம் தறி | மே 12, காலை 10:48

கை இப்ப நல்லாயிருக்காங்க அண்ணா? நான் எழுதினதை நெனச்சா வருத்தமா இருக்கு. அந்த ஊசிக்காரர்கிட்ட இன்னிக்கே சொல்றேன்.

லித்தியத்துல தண்ணி பட்டா வெடிக்கும்னு சொல்வாங்களே, தண்ணி அடிக்கலாமா?

வாலாஜா கெமிஸ்ட்ரி | மே 12, காலை 11:10

அது லித்தியம் உலோகத்துக்கு. லேப்டாப் பேட்டரியில் லித்தியம் அயனியாக, கிராஃபைட்டுக்கும் ஆக்சைடுக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறது. இந்தத் தீயில் பெரிய வேலை சூட்டைத் தணிப்பது. அதற்குத் தண்ணீர்தான் சிறந்தது, அதுவும் நிறைய. விமானத்துக்குள் லேப்டாப் பற்றிக்கொண்டால்கூடத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள். ஆனால் பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் மெயினை அணைத்திருக்க வேண்டும். மணல் தீ நாக்கை அடக்கும், சூட்டை எடுக்காது. அணைந்த மாதிரி இருந்துவிட்டு மறுபடி பற்றும்.

வீட்டில் என்றால் முதலில் ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்தி, 101 அல்லது 112. புகையை ஒரு மூச்சுகூட இழுக்கக்கூடாது.

ஆரணி அக்கா | மே 12, பகல் 12:20

புகைன்னு சொன்னதும் 2022 மார்ச் ஞாபகம் வந்துடுச்சு. நம்ம வேலூர்லயே ராத்திரி சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, ஒரு அப்பாவும் சின்னப் பொண்ணும் புகையில மூச்சுத்திணறிப் போயிட்டாங்க. அன்னிக்கு முழுக்க எனக்கு சோறு இறங்கல. டீச்சர், வாசல் பக்கம் வேணாம்னு காட்பாடித் தம்பி சொன்னது, தீப்பிடிச்சா வெளிய போற வழி அடைபடக்கூடாதுன்னுதான்னு நெனைக்கறேன். ராத்திரியில எல்லாரும் தூங்கறப்ப எதையும் சார்ஜ் போடாதீங்க.

ஹாஸ்டல் பையன் | மே 12, மதியம் 1:05

ஒரு சந்தேகம். மாத்தறதுக்கு முன்னாடி பேட்டரிய 20 சதவீதத்துக்கு இறக்கணும்னு வீடியோவுல சொல்றாங்க. டீச்சர் ஷட் டவுன் பண்ணிட்டாங்க, 100ல இருக்குமே?

காட்பாடி சர்வீஸ் | மே 12, மதியம் 2:40

சரியான கேள்வி தம்பி. உப்பாத பேட்டரி, வெறும் பழசுன்னு மாத்தறோம்னா 25 சதவீதத்துக்குக் கீழ இறக்கிட்டுத் திறக்கறதுதான் நல்லது. சக்தி எவ்ளோ கம்மியோ, தப்பு நடந்தா தீயும் அவ்ளோ கம்மி. ஆனா கண்ணுக்குத் தெரியற மாதிரி உப்பி, சூடும் ஏறுதுன்னா, இறக்கறதுக்காக ஓட்டறதே அதை இன்னும் சூடு பண்ணும். டீச்சரோடது ரெண்டாவது வகை. 100லயே இருக்கட்டும், ஆன் பண்ணவேணாம்.

டீச்சர், நேரா சொல்றேன். உப்பாத பேட்டரின்னா வீட்டிலேயே செய்ங்கன்னு படிப்படியா எழுதிக் கொடுத்திருப்பேன். இவ்ளோ உப்பினதை முதல் தடவையா நீங்க தனியா திறக்கவேணாம். எங்கிட்ட வாங்க, இல்ல உங்களுக்கு நம்பிக்கையான எந்த சர்வீஸ் சென்டருக்கு வேணும்னாலும் போங்க. எங்க போனாலும் "பேட்டரி உப்பியிருக்கு, அமுக்காதீங்க"ன்னு முதல்ல சொல்லிடுங்க. காலையில வெயிலுக்கு முன்னாடி கொண்டுவாங்க. வண்டி டிக்கியில வேணாம், அது அடுப்பு. கையில, தட்டையா, மேல எதுவும் வெக்காம.

பேட்டரி வாங்கறது பத்தி. லேப்டாப் மாடல் பேரை மட்டும் வெச்சு வாங்காதீங்க. ஒரே மாடல்ல ரெண்டு மூணு விதமான பேட்டரி போட்டிருப்பான், சில சமயம் ஸ்க்ரூ ஓட்டையே மாறும். திறந்து, பழைய பேட்டரி லேபிள்ல இருக்கற பார்ட் நம்பரைப் பாத்துதான் வாங்கணும். வோல்ட் ஒத்துப்போகணும். 7.6 வோல்ட்டும் 11.4 வோல்ட்டும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்த முடியாது. லேபிள்ல வோல்ட்டை ஆம்ப் அவரால பெருக்கிப் பாருங்க. 11.4ஐ 3.684ஆல பெருக்கினா 42, அதுதான் வாட் அவர், பேட்டரியில எவ்ளோ சக்தி அடங்கும்ங்கற கணக்கு. பெருக்கினது போட்டிருக்கறதோட ஒத்து வரலன்னா வாங்காதீங்க.

நம்ம நாட்டுல லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்போட பதிவு கட்டாயம். லேபிள்ல ஐஎஸ் 16046னும், ஆர்னு ஆரம்பிக்கற நம்பரும் இருக்கணும். அந்த நம்பரை 'பிஐஎஸ் கேர்' ஆப்ல போட்டா எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கினதுன்னு காட்டும். தயாரிச்ச தேதியும் பாருங்க. நாலு வருஷம் குடோன்ல கிடந்த 'புது' பேட்டரி பாதி கிழவன்.

ஆம்பூர்க்காரன் | மே 12, மாலை 5:15

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரே பேட்டரிக்கு மூணு விலை சொல்வாங்க. கையில எடுத்துப் பாத்தாலே குறைஞ்ச விலைப் பேட்டரியோட எடை குறைவா இருக்கும். நான் பழைய பேட்டரி எடையை கிச்சன் தராசுல போட்டு எழுதிட்டுதான் போவேன். உப்பின பேட்டரிய மட்டும் இதுக்காக எடுத்துட்டுப் போகாதீங்க, லேபிளை போட்டோ எடுத்தா போதும்.

சத்துவாச்சாரி டீச்சர் | மே 15, இரவு 8:30

இன்று மாற்றியாயிற்று. நீங்கள் எல்லோரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியிருக்கிறீர்கள், நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டும்.

13ஆம் தேதி காலை 6 மணிக்கே ஆட்டோவில் பாலாற்றுப் பாலம் தாண்டிக் காட்பாடி போனேன். லேப்டாப்பை மடியில் தட்டில் பலகாரம் கொண்டுபோவது மாதிரி வைத்துக்கொண்டேன். தம்பி கடையைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். திறக்கும் மேஜை வாசலுக்கு வெளியே, திண்ணையில். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு குடம் தண்ணீர். என்னிடம் முதலில் சொன்னது, "வளையல், மோதிரம் கழட்டிடுங்க டீச்சர், செயினை உள்ள போட்டுக்குங்க." 11 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் வளையல் இரண்டு முனையில் குறுக்கே பட்டால் பழுக்கக் காய்ந்துவிடுமாம். கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் கொடுத்தார்.

ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதே இடத்தில் குத்தி வைத்தார். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் போட்டால் உள்ளே போர்டையோ பேட்டரியையோ துளைத்துவிடும் என்றார். பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ ஒளிந்திருந்தது. கடைசி ஸ்க்ரூ தளர்ந்ததும் மூடி தானாகவே 'டப்' என்று எழும்பியது. அதை எதிர்பார்த்து உள்ளங்கையால் மூடியின் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார். இல்லையென்றால் கேபிள் அறுந்திருக்குமாம்.

உள்ளே பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூன்று செல். இரண்டு ஓரங்களும் தட்டையாக, சாக்லேட் கட்டி மாதிரி. நடுவில் இருந்தது மட்டும் தலையணை. வெள்ளிப் படலம் இழுத்துப் பிடித்து, சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல் பளபளவென்று. அதன் மேல் ஒரு பெருவிரல் அகலத்துக்குப் பள்ளம். அந்தக் கடைக்காரர் அமுக்கிய இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நல்ல வேளை வாசனை எதுவும் இல்லை. வாசனை வந்திருந்தால் தொடாமல் எல்லோரும் தள்ளிப் போயிருப்போம் என்றார். முதலில் கனெக்டர். ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக் குச்சியால் வலம் இடம் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். பிறகு பவர் பட்டனை 20 விநாடி என்னை அமுக்கச் சொன்னார், போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் போவதற்கு. பேட்டரியின் நான்கு ஸ்க்ரூவில் ஒன்று உப்பலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வரவில்லை. முறுக்காமல், மற்ற மூன்றையும் முழுக்கத் தளர்த்திவிட்டு அதைத் திருப்பினார், வந்துவிட்டது. இரண்டு ஓரத்தையும் சட்டத்தில் பிடித்து நேராக மேலே தூக்கினார். அந்த ஒரு செயலுக்கு மட்டும் பத்து நிமிடம் ஆனது.

பேட்டரி இல்லாமல் சார்ஜரில் போட்டோம், ஓடியது. அங்கேயே உட்கார்ந்து எல்லாக் கேள்வித்தாளையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். பேட்டரி ரிப்போர்ட்டைத் திறந்தோம், பழைய பேட்டரியின் கணக்கு அதில் இருந்தது: வாங்கும்போது 42,000 மில்லி வாட் அவர், கடைசியாக 19,740. பாதிகூட இல்லை. இதை யாராவது ஒரு வருஷம் முன்பே பார்க்கச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் 'பவர்சிஎஃப்ஜி' (powercfg /batteryreport) கட்டளையில் இதை எடுக்கலாம்.

புது பேட்டரி இன்று வந்தது. 3,400 ரூபாய். ஐஎஸ் எண், ஆர் எண் இரண்டையும் நானே சரிபார்த்தேன், தேதி இந்த வருஷம். போட்டதும் ஆன் ஆகவில்லை, மனசு திக்கென்றது. சில புது பேட்டரி தூங்கிக்கொண்டிருக்கும், சார்ஜர் கொடுத்தால்தான் எழும் என்றார். அப்படியே எழுந்தது. அமைப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்தேன். டச்பேட் நான்கு மூலையும் 'டிக்'. ஐந்து ரூபாய் நாணயம் எந்தக் காலுக்கு அடியிலும் நுழையவில்லை.

ஆரணி அக்கா | மே 15, இரவு 8:52

படிச்சு முடிக்கறவரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டிருந்தேன் டீச்சர். அந்தப் பழைய பேட்டரி எங்க?

காட்பாடி சர்வீஸ் | மே 15, இரவு 9:30

கனெக்டர் மேல இன்சுலேஷன் டேப் சுத்தி, ஒரு மண்பானையில மணல் போட்டு நடுவுல வெச்சு, மேலயும் மணல் போட்டு மூடியிருக்கேன். கடைக்கு வெளிய, நிழல்ல. உள்ள வெக்க மாட்டேன்.

இதை யாரும் குப்பை வண்டியில போடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். காலையில தெருவுல குப்பை வாங்க வர்ற அக்கா கையாலதான் பிரிக்கறாங்க. லாரியில போட்டு நசுக்கும்போது பத்திக்கும். காயலான் கடையிலயும் போடாதீங்க, சுத்தியால தட்டி உள்ள இருக்கற செம்பை எடுக்கப் பாப்பாங்க. 2022ல வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி தயாரிச்சு விக்கற கம்பெனிதான் பழசைச் சேகரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு. நாமளும் வீட்டுக் குப்பையோட கலக்காம தனியா ஒப்படைக்கணும். உங்க பிராண்டோட சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. நான் சேத்து வெச்சு அனுமதி வாங்கின மறுசுழற்சிக்காரங்க வண்டி வரும்போது கொடுத்துடுவேன். கூரியர்ல மட்டும் போட்டுடாதீங்க.

ஹாஸ்டல் பையன் | மே 16, காலை 7:10

அண்ணா, 80ல நிறுத்தற செட்டிங் எல்லா லேப்டாப்லயும் இருக்கா?

காட்பாடி சர்வீஸ் | மே 16, காலை 8:00

லெனோவோ, ஆசுஸ், டெல், எச்பி நெறைய மாடல்ல உண்டு. சிலதுல கம்பெனி ஆப்ல, சிலதுல பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங்ல. இல்லாட்டி 80 வந்ததும் நீயே கழட்டு. ஊருக்குப் போறப்ப, பரீட்சை அன்னிக்கு 100 போட்டுக்கோ, தப்பில்ல. வருஷக்கணக்கா 100லயே வெயில்ல நிக்கறதுதான் கெடுதல்.

குடியாத்தம் தறி | மே 16, இரவு 9:15

டீச்சர் எழுதினதைப் படிச்சிட்டு எங்க பையன் லேப்டாப்பை மேஜையில வெச்சு அஞ்சு ரூபா காசை நாலு காலுக்கும் தள்ளிப் பாத்தேன். மூணுல நுழையல. வலது முன்பக்கம் பாதி வரைக்கும் போகுது. டச்பேட் நல்லா அமுங்குது.

காட்பாடி சர்வீஸ் | மே 16, இரவு 9:19

சார்ஜரைக் கழட்டிட்டீங்களா? முதல்ல வேற சமமான இடத்துல, கிரானைட் மேல வெச்சு இன்னொரு தடவை பாருங்க. மேஜையே வளைஞ்சிருக்கலாம். அங்கயும் நுழைஞ்சா ஆஃப் பண்ணி தரையில வெச்சிட்டு போட்டோ போடுங்க, முழிச்சிட்டுதான் இருக்கேன்.